பதட்டத்துக்கு பென்சோ மாத்திரையா, தினசரி மாத்திரையா, தெரபியா?

"டாக்டர் ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார், ஒண்ணு போட்டா அரை மணி நேரத்துல படபடப்பு எல்லாம் அடங்கி நிம்மதியாயிடுது, இன்னொண்ணு பத்து நாளா போடுறேன், குமட்டலைத் தவிர ஒரு மாற்றமும் இல்ல, பேசாம வேலை செய்யுறதை மட்டும் வச்சுட்டு மத்ததை விட்டுடவா?" இதே கேள்வியை வேற வேற வார்த்தைல நிறைய பேர் எங்கிட்ட கேட்டாச்சு. கேக்கறவங்களைத் தப்பு சொல்லவே முடியாது, ஏன்னா உடம்பு குடுக்கற சாட்சி அப்படித்தான் இருக்கு. வயித்துல புளியைக் கரைச்சுட்டு ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தவனுக்கு ஒரு மாத்திரை அரை மணில விடுதலை குடுத்தா அதைத்தானே நல்ல மருந்துன்னு சொல்லுவான்.

இன்னொரு பக்கம் அந்த அரை மணி மாத்திரை, அதாவது பென்சோ பத்தி தேடிப் படிச்சவங்க "ஐயோ இது அடிமையாக்கிடும், தொடவே கூடாது"ன்னு பயந்து, உண்மையிலேயே தேவைப்படுற நேரத்துல கூட போடாம தவிக்கிறாங்க. இந்த ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல. லொராஸெபாம்ங்கற பென்சோ மாத்திரையை ஏழு மாசம் போட்டவன், அதை விடறதுக்கு நாலு மாசம் ஆச்சு, அந்த அனுபவமும் அதுக்கப்புறம் உக்காந்து படிச்சதும்தான் இங்க இருக்கு. உங்க டோஸை மாத்தறதுக்கு இதை வச்சுக்காதீங்க, டாக்டர்கிட்ட போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க வச்சுக்கோங்க.

## முதல்ல, எதை வச்சு எடை போடுறது

வேகம்னு ஒண்ணு இருக்கு, எல்லாரும் பாக்கறது அதை மட்டும்தான். மருந்து உள்ள போய் எவ்ளோ நேரத்துல நிம்மதி வருது. அதுக்கப்புறம் பாக்க வேண்டியது, அந்த நிம்மதி மாசக்கணக்குல தாக்குப்பிடிக்குமா, இல்ல போகப் போக அதே டோஸ் பத்தாம போகுமா. மூணாவது, நிறுத்தறப்போ என்ன ஆகும். இதை மொத மாத்திரை போடுறதுக்கு முன்னாடி கேக்கணும், நாம எல்லாருமே நிறுத்தற அன்னைக்குத்தான் கேக்குறோம். நாலாவது உங்க உடம்பும் வாழ்க்கையும்: வயசு, மூச்சுப் பிரச்சனை, கல்லீரல், கர்ப்பம், குடிப்பழக்கம், வலிக்குப் போடுற வேற மாத்திரை, வண்டி ஓட்டுற வேலையா இல்ல மெஷின் பக்கத்துல நிக்கற வேலையா.

அஞ்சாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. சிகிச்சை முடிஞ்சப்புறம் கையில என்ன மிஞ்சும்? பதட்டத்தை சமாளிக்கற திறமை உங்ககிட்ட வளந்திருக்குமா, இல்ல மாத்திரை டப்பாகிட்டயே இருக்குமா?

இன்னொண்ணு. தைராய்டு அதிகமா சுரந்தா, ரத்தசோகை இருந்தா, இதயத் துடிப்புல கோளாறு இருந்தா, காபி அளவுக்கு மீறினா, சில ஆஸ்துமா மருந்துனால கூட அப்படியே பதட்டம் மாதிரியே கை நடுக்கமும் படபடப்பும் வரும். எந்த வழியைத் தேர்ந்தெடுக்கறதுக்கும் முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு ஈசிஜி எடுத்துட்டீங்களான்னு பாத்துக்கோங்க.

## வழி 1: பென்சோ மாத்திரைகள்

அல்ப்ரஸோலம், லொராஸெபாம், குளோனஸெபாம், டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைட் எல்லாம் ஒரே குடும்பம், பென்சோடயஸெபைன்னு பேரு. லியோ ஸ்டெர்ன்பாக்னு ஒரு வேதியியலாளர் ரோஷ் கம்பெனில இருந்தப்போ கண்டுபிடிச்சது, குளோர்டயஸெபாக்சைட் லிப்ரியம்ங்கற பேர்ல 1960ல வந்துச்சு, டயஸெபாம் வேலியம்ங்கற பேர்ல 1963ல. அதுக்கு முன்னாடி பதட்டத்துக்கு பார்பிட்சுரேட் குடுத்துட்டு இருந்தாங்க, அதுல அளவு கொஞ்சம் தவறினாலும் மூச்சு நின்னு உயிர் போயிடும். அதோட ஒப்பிட்டா இது பெரிய வரமா தெரிஞ்சதுல ஆச்சரியமில்ல. இதைத் தொடர்ந்து போட்டா உடம்பு விடாதுன்னு ஊர் உலகத்துக்கு சரியா உறைக்கறதுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, 1988ல பிரிட்டனோட மருந்துப் பாதுகாப்புக் குழு ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மேல குடுக்காதீங்கன்னு டாக்டர்களுக்கு சொன்னது அதுக்கப்புறம்தான்.

எப்படி வேலை செய்யுதுன்னா, மூளைல காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்பு செல்களை "போதும், அடங்கு"ன்னு சொல்ற வேலை அதோடது. பென்சோ தானா எதையும் அடக்கறதில்ல, காபா சொல்ற சொல்லை இன்னும் ஓங்கி ஒலிக்க வைக்குது, அவ்வளவுதான். அதனாலதான் பதட்டம் மட்டுமில்லாம தசை இறுக்கமும் தளருது, தூக்கம் வருது, வலிப்பு கூட நிக்குது. அதே காரணத்தாலதான் ஞாபகமும் மங்குது, காலும் தடுமாறுது. நல்லது கெட்டது ரெண்டும் ஒரே கதவு வழியாத்தான் உள்ள வருது, ஒண்ணை மட்டும் வாங்கிக்க முடியாது.

நல்லதுன்னு பாத்தா வேகத்துல இதை அடிச்சுக்க வேற எதுவும் இல்ல. தாங்கவே முடியாத நெருக்கடி, திடீர் மரணம் நடந்த வீடு, மூணு நாளா ஒரு கண் தூங்காத நிலைமை, எம்ஆர்ஐ குழாய்க்குள்ள போகணும் ஆனா மூடின இடம்னா உயிர் போற பயம், வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற விமானப் பயணம், இங்கெல்லாம் ஒண்ணு ரெண்டு டோஸ் போடுறது நியாயமான விஷயம், அதுக்குக் குற்ற உணர்ச்சியே வேண்டாம். குடியை நிறுத்தறவங்களுக்கு வர்ற வலிப்பைத் தடுக்கறதுக்கும், நிக்காம வர்ற வலிப்பை நிறுத்தறதுக்கும் ஆஸ்பத்திரில முதல்ல கையில எடுக்கறதே இந்தக் குடும்பத்தைத்தான். "இது விஷம்"னு சொல்றவங்க அதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆனா நாள் ஆக ஆக கணக்கு மாறுது. தினமும் போட்டா மூளை "வெளியில இருந்து ஒருத்தன் அடக்கிட்டே இருக்கான், நான் எதுக்கு அடக்கணும்"னு தன் பக்கத்து பிரேக்கைத் தளர்த்திடும். மாத்திரையை நிறுத்தின அன்னைக்கு பிரேக் இல்லாத வண்டிதான். இது கெட்ட பழக்கம் இருக்கறவங்களுக்கு மட்டும் வர்றதில்ல, டாக்டர் எழுதின அளவைத் துளி மீறாம போட்டவங்களுக்கும் வரும், சிலருக்கு சில வாரத்துலயே. 2020 செப்டம்பர்ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை விரிவாக்கினப்போ தவறான பயன்பாட்டோட சேத்து, இந்த உடல் சார்ந்த பழக்கத்தையும் திடீர்னு நிறுத்தினா வர்ற ஆபத்தையும் சொல்லிச்சு.

என் கதை இங்கதான் வருது. ஒரு ராத்திரி மாரடைப்புன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், ஈசிஜி நல்லா இருந்துச்சு, லொராஸெபாம் எழுதிக் குடுத்தாங்க, எப்போ நிறுத்தணும்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. ஏழாவது மாசம் ஒரு பயணத்துல மாத்திரை அட்டையை மறந்துட்டு போயிட்டேன். ரெண்டாவது நாள் கை நடுங்குது, வெளிச்சம் கண்ணைக் குத்துது, பக்கத்து ரூம்ல கதவு சாத்தினா உடம்பு தூக்கிப் போடுது, தூக்கம் சுத்தமா இல்ல. எனக்கு தோணினது என்ன தெரியுமா, "நோய் முன்னைவிட ரெண்டு மடங்கா திரும்பிடுச்சு, இந்த மாத்திரை இல்லாம நான் இனி உயிரோட இருக்கவே முடியாது"ன்னு. அது நோய் இல்ல, மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதால வர்ற அறிகுறி. இந்த ரெண்டையும் குழப்பிக்கறதுதான் நிறைய பேரை வருஷக்கணக்குல மாத்திரைல நிக்க வைக்குது. பழைய பதட்டத்துல இல்லாத புது விஷயங்கள் சேர்ந்து வந்தா, சத்தமும் வெளிச்சமும் தாங்காம போறது, உடம்பு ஊசி குத்துற மாதிரி இருக்கறது, காதுல இரைச்சல், தசை துடிக்கறது, அப்போ முதல்ல மாத்திரையைத்தான் சந்தேகப்படணும்.

வெளில தெரியாத செலவுகள் இதுல ரொம்ப அதிகம். பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு நெஞ்சு படபடத்து உயிர் போற மாதிரி வர்ற பயத் தாக்குதல், பொதுவா பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் தானாவே இறங்க ஆரம்பிச்சுடும். வாய்வழியா போட்ட மாத்திரை ரத்தத்துல ஏறி வேலை செய்ய அரை மணியோ ஒரு மணியோ ஆகும். அதாவது பாதி நேரம் மாத்திரை வந்து சேர்றப்போ அட்டாக் கிளம்பிப் போயிருக்கும், ஆனா பேர் மாத்திரைக்குத்தான் போகும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா கை டப்பாவைத் தேடும். கொஞ்ச நாள்ல டப்பா பையில இல்லன்னாலே அட்டாக் வரும். எனக்கு வந்துச்சு.

அடுத்தது ஞாபகம். தூக்கக் கலக்கம் ஒண்ணு ரெண்டு வாரத்துல பழகிடும், அதனால "இப்போ எனக்கு ஒண்ணும் பண்றதில்ல"ன்னு நினைப்போம், ஆனா புது விஷயம் மனசுல பதியாம போறது அவ்ளோ சுலபமா பழகறதில்ல. பரீட்சைக்குப் படிக்கற பசங்க பதட்டத்துக்கு இதைப் போட்டுட்டு படிச்சா படிச்சதே நிக்காது, இதை யாராவது அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. வண்டி ஓட்டுறதும் அப்படித்தான், நமக்கு நிதானமா இருக்கற மாதிரி தோணும், பிரேக் மேல கால் போறது லேட்டாகும்.

வயசானவங்க விஷயத்துல எனக்கு ரெண்டு மனசு கிடையாது. 65 தாண்டினவங்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கத்தோட பியர்ஸ் பட்டியல் சொல்லுது, காரணம் விழுந்து இடுப்பெலும்பு முறியறது, குழப்பம், ஞாபகக் குறைவு. வயசாக ஆக டயஸெபாம் மாதிரி மருந்து உடம்பை விட்டுப் போகவே நாள்கணக்குல ஆகும், நேத்து போட்டதும் இன்னைக்கு போட்டதும் சேர்ந்து தேங்கும். வீட்ல பெரியவங்க "தூக்க மாத்திரை"ன்னு பல வருஷமா போடுறது என்னன்னு அட்டையைத் திருப்பிப் பாருங்க.

குடி, அப்புறம் மார்ஃபின், ட்ராமடால், கோடீன் மாதிரி ஓபியாய்டு வலி மருந்துகள், கோடீன் சேர்ந்த இருமல் சிரப், இதோட பென்சோ சேந்தா மூச்சு அடங்கிப் போகலாம். தனியா பென்சோ அதிகமாகி உயிர் போறது அரிது, இந்த ஜோடிதான் ஆளைக் கொல்லுது. எஃப்டிஏ 2016லயே ஓபியாய்டோட சேக்காதீங்கன்னு தனி எச்சரிக்கை போட்டது. தூக்கத்துல மூச்சு நிக்கற பிரச்சனை, மோசமான நுரையீரல் நோய், தசை பலவீனமாகற மயஸ்தீனியா கிராவிஸ் நோய் இருக்கறவங்களுக்கும் இது ஆகாது. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல தொடர்ந்து எடுத்தா பிறக்கற குழந்தை துவண்டு போய், பால் குடிக்க சிரமப்படலாம்.

எல்லா பென்சோவும் ஒண்ணு இல்லங்கறதையும் சொல்லணும். அல்ப்ரஸோலம் சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும், ரத்தத்துல பாதியா குறைய சுமார் 11 மணி நேரம், அதனால அடுத்த டோஸுக்கு முன்னாடியே பலருக்கு படபடப்பு எட்டிப் பாக்கும், அது இன்னொரு மாத்திரைக்கு அழைப்பு மாதிரி ஆயிடும். குளோனஸெபாம் பாதியா குறையவே 30, 40 மணி நேரம் ஆகும், ஏத்த இறக்கம் கம்மி. அப்புறம் மி.கி. எண்ணைப் பாத்து ஏமாறாதீங்க, அல்ப்ரஸோலம் 0.5 மி.கி.ங்கறது ஏறக்குறைய டயஸெபாம் 10 மி.கி.க்கு சமம். "அரை மி.கி.தானே"ன்னு நினைக்கறது சின்ன டோஸே இல்ல.

எப்போ இது சரியான தேர்வு: முடியற தேதி முன்னாடியே தெரிஞ்ச சூழ்நிலைல. அந்தத் தேதி இல்லாம எழுதின சீட்டை நான் இப்போ வாங்க மாட்டேன், "இது எத்தனை நாளைக்கு, எப்படி குறைக்கப் போறோம்"னு அங்கயே கேப்பேன்.

## வழி 2: எஸ்எஸ்ஆர்ஐ மாதிரி தினசரி மாத்திரைகள்

எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின் இதெல்லாம் எஸ்எஸ்ஆர்ஐ, மூளைல செரோடோனின்ங்கற ரசாயனத்து மேல வேலை செய்யற வகை, வென்லாஃபாக்சின், டுலாக்ஸெட்டின் அதோட பங்காளி. மனச்சோர்வு மருந்துன்னு பேர் இருந்தாலும் நாள்பட்ட பதட்டத்துக்கும் பேனிக்குக்கும் மருந்துன்னு வந்தா முதல் இடம் இதுக்குத்தான்.

வேகத்துல இது தோத்துப் போகும், அதை மறைக்க வேண்டியதில்ல. ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் பொறுக்கணும், முழுப் பலன் தெரிய இன்னும் கூட ஆகலாம். அதைவிடக் கொடுமை, முதல் ஒண்ணு ரெண்டு வாரம் சிலருக்கு பதட்டம் ஏறும், குமட்டும், தூக்கம் கெடும். இதை முன்கூட்டியே சொல்லாம குடுக்கறதாலதான் பாதி பேர் அஞ்சாம் நாள் தூக்கிப் போட்டுட்டு பென்சோவை மட்டும் வச்சுக்கறாங்க. மேல கேள்வி கேட்டவரோட பத்து நாள் அனுபவமும் இதேதான், அது மருந்து தோத்ததுக்கு அடையாளம் இல்ல, மருந்துக்கு இன்னும் நேரமே வரல. கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தினா இந்தக் கட்டம் தாங்கற மாதிரி இருக்கும், டாக்டர்கிட்ட கேளுங்க.

தாக்குப்பிடிக்கறதுல இது ஜெயிக்குது. டோஸை ஏத்திட்டே போக வேண்டிய கட்டாயம் பொதுவா வர்றதில்ல, அடுத்த டோஸுக்கு மனசு ஏங்கறதும் இல்ல. ஆனா நல்லாயிட்டோம்னு நிறுத்திடக் கூடாது, பலன் குடுத்தா குறைஞ்சது ஒரு வருஷமாவது தொடரணும்னுதான் பிரிட்டனோட நைஸ்ங்கற சிகிச்சை வழிகாட்டு அமைப்போட வழிகாட்டுதல் நாள்பட்ட பதட்டத்துக்கு சொல்லுது.

மறைஞ்ச செலவுல முதலாவது யாரும் வாய் திறந்து பேசாத விஷயம், தாம்பத்திய ஆசை குறையறது, உச்சம் வராம போறது. இது ரொம்ப சாதாரணமா வர்ற பக்கவிளைவு, வெக்கப்பட்டு மறைச்சு கடைசில சொல்லாம கொள்ளாம மாத்திரையை நிறுத்தறவங்க நிறைய. சொன்னா மருந்தை மாத்தலாம், டோஸைக் குறைக்கலாம். 25 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம்னு எஃப்டிஏ எச்சரிக்கை இருக்கு, அதனால அந்த வயசுப் பசங்களுக்கு ஆரம்பிச்சா முதல் மாசம் வீட்ல ஒருத்தர் கண்ணு வச்சுக்கணும். வயசானவங்களுக்கு ரத்தத்துல சோடியம் குறையலாம், ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபென் கூட சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம். எப்பவாவது தலைகால் புரியாத உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள் வந்திருந்தா அதை கண்டிப்பா சொல்லுங்க, பைபோலார் இருந்தா இந்த மருந்து அதைக் கிளப்பி விடலாம்.

நிறுத்தறதும் சும்மா இல்ல. தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள மின்சாரம் பாய்ஞ்ச மாதிரி ஒரு உதறல், இதெல்லாம் வரும், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின்ல அதிகமா. இதையும் படிப்படியாத்தான் இறக்கணும். ஆனா பென்சோவைத் திடீர்னு நிறுத்தறப்போ இருக்கற வலிப்பு ஆபத்து இதுல அந்த மாதிரி கிடையாது, அந்த ஒரு வித்தியாசம் எனக்குப் பெரிசு.

எப்போ இது சரி: பதட்டம் மாசக்கணக்கா தினமும் இருக்கு, கூடவே மனச்சோர்வும் இருக்கு, வேலைக்குப் போகவோ தெரபில உக்காரவோ கூட முடியல, அப்போ.

## வழி 3: சிபிடி, முக்கியமா பயத்தை நேருக்கு நேர் பாக்கற பயிற்சி

தெரபின்னா உக்காந்து மனசு விட்டுப் பேசறதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். சிபிடி, அதாவது யோசிக்கற விதத்தையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தப் பழக்கற காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, அது இல்ல. இது பயிற்சி வகுப்பு மாதிரி, வீட்டுப்பாடம் இருக்கும், நோட்டு போட்டு எழுதணும். நாள்பட்ட பதட்டத்துக்கு பொதுவா வாரம் ஒரு மணி நேரம்னு 12ல இருந்து 15 வாரம், பேனிக்குக்கு இன்னும் கம்மியாவும் முடியலாம்.

பேனிக்குக்கு எப்படி பண்றாங்கன்னா, எந்த உடம்பு உணர்ச்சிக்கு பயப்படுறோமோ அதையே வேணும்னு வரவழைப்பாங்க. நாற்காலில சுத்த விடுவாங்க, வேகமா மூச்சு விடச் சொல்லுவாங்க, படில ஏறி இறங்கச் சொல்லுவாங்க. நெஞ்சு அடிக்கும், தலை சுத்தும், உயிர் போறாப்ல இருக்கும், போகாது, தானா இறங்கும். இதை இருபது தடவை உடம்பு பாத்துட்டா "படபடப்புன்னா ஆபத்து"ங்கற முடிச்சு மெல்ல அவிழும். எனக்கு மூணாவது வாரம் அந்த அறைல அழுகை வந்துச்சு, ஏழு மாசமா எதைப் பாத்து ஓடினேனோ அது வெறும் வேகமான மூச்சுன்னு புரிஞ்சப்போ.

இங்கதான் பென்சோ குறுக்க வருது. பயிற்சிக்கு முன்னாடி மாத்திரை போட்டுட்டு போனா பயமே வராது, பயம் வராம அதை கடக்கக் கத்துக்க முடியாது, கடந்தாலும் "மாத்திரையாலதான் தப்பிச்சேன்"னு மூளை எழுதி வச்சுக்கும். 1993ல வெளியான ஒரு ஆய்வுல லண்டன்லயும் டொரண்டோவிலயும் வெளில போகவே பயப்படுற பேனிக் நோயாளிகளுக்கு அல்ப்ரஸோலமும் இந்தப் பயிற்சியும் தனித்தனியாவும் சேர்த்தும் குடுத்துப் பாத்தாங்க. மருந்து இருந்தவரைக்கும் அதுவும் பலன் குடுத்துச்சு, நிறுத்தினதும் அந்தப் பலன் கரைஞ்சு போச்சு, பயிற்சில கிடைச்சது நின்னுச்சு, ரெண்டையும் சேர்த்தவங்களுக்கோ பயிற்சி மட்டும் எடுத்தவங்க அளவுக்கு கூட பின்னாடி நிக்கல.

செலவு இதுலயும் இருக்கு. நேரம், பணம், பயிற்சி எடுத்த ஆளைக் கண்டுபிடிக்கற அலைச்சல். தெரபிஸ்ட்னு போர்டு இருக்கற எல்லாரும் இந்த நேருக்கு நேர் பயிற்சியை (எக்ஸ்போஷர்) பண்றவங்க இல்ல, முதல் சந்திப்புலயே "வீட்டுப்பாடம் குடுப்பீங்களா, பயப்படுற விஷயத்தை படிப்படியா செய்ய வைப்பீங்களா"ன்னு கேட்டுடுங்க. நல்லா ஆகறதுக்கு முன்னாடி சில வாரம் மோசமாவும் இருக்கும். நேர்ல போக வழியில்லன்னா ஆன்லைன்ல ஒருத்தர் வழிநடத்தற சிபிடியும் நல்ல பலன் குடுக்குது.

எப்போ இது சரி: பெரும்பாலான நேரம்னுதான் சொல்லுவேன், அதுவும் பேனிக், குறிப்பிட்ட பயம், கூட்டத்தைப் பாத்தா பயம்னு இருந்தா. அதிர்ச்சி சம்பவத்துக்கு அப்புறம் வர்ற பிடிஎஸ்டிக்கும் அதுக்குன்னே இருக்கற தெரபிதான் முதல் வழி, பென்சோவைத் தவிர்க்கச் சொல்றாங்க.

## மத்ததெல்லாம் சுருக்கமா

ப்ரொப்ரனலால் மேடைல பேசறதுக்கு முன்னாடி கை நடுக்கத்தையும் நெஞ்சடிப்பையும் குறைக்கும், மனசுல ஓடுற கவலையைத் தொடாது. ஆஸ்துமா இருந்தா தொடவே தொடாதீங்க. சர்க்கரை நோயாளிகளுக்கு சர்க்கரை இறங்கற அறிகுறியை மறைச்சுடும். அளவு மீறினா ரொம்ப ஆபத்தான மருந்து, தற்கொலை எண்ணம் இருக்கற வீட்ல வைக்கறதை யோசிக்கணும்.

பஸ்பிரோன் பழக்கமாகாது, ஆனா தினமும் போட்டு ரெண்டு நாலு வாரம் காத்திருக்கணும், அவசரத்துக்கு உதவாது. ஹைட்ராக்சிசின் அலர்ஜி மாத்திரை வகை, தூக்கம் வரும், நாக்கு வறளும், இதயத் துடிப்பு கோளாறு இருக்கறவங்க ஜாக்கிரதை. ப்ரீகாபலின் 2006ல இருந்து ஐரோப்பால பதட்டத்துக்கு அனுமதிச்ச மருந்து, பென்சோவுக்கு பதிலா பத்திரமானதுன்னு நிறைய பேர் இதுக்கு மாறினாங்க, ஆனா இதுலயும் பழக்கம் வருது, பிரிட்டன்ல 2019ல கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாவே ஆக்கிட்டாங்க. தலைவலி போய் திருகுவலி வந்த கதையா ஆகாம பாத்துக்கணும்.

## ஒரே பார்வைல

| | பென்சோ | எஸ்எஸ்ஆர்ஐ | சிபிடி |
|---|---|---|---|
| பலன் தெரிய | அரை மணி, ஒரு மணி | 2 முதல் 6 வாரம், சிலருக்கு மேலயும் | சில வாரம் |
| மாசக்கணக்குல | பலன் மங்கலாம், பழக்கம் கூடும் | நிக்கும் | நிக்கும், வளரும் |
| திடீர்னு நிறுத்தினா | வலிப்பு வரைக்கும் போகலாம் | அசௌகரியம் உண்டு | கத்துக்கிட்டது போகாது |
| முதல் வாரம் | நிம்மதி, தூக்கக் கலக்கம் | சிலருக்கு மோசம் | கஷ்டம் |
| தெரியாத செலவு | ஞாபகம், தடுமாற்றம், மாத்திரை மேல நம்பிக்கை | தாம்பத்தியம், குமட்டல் | நேரம், ஆள் தேடுறது |
| 65க்கு மேல | தவிர்க்கறது நல்லது | சோடியம் பாக்கணும் | பொருந்தும் |

## பென்சோ, எஸ்எஸ்ஆர்ஐ ரெண்டையும் சேர்த்து எடுக்கலாமா

எடுக்கலாம், அதுதான் நிறைய டாக்டருங்க யோசிக்கறதும். எஸ்எஸ்ஆர்ஐ வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் உள்ள பள்ளத்தைத் தாண்ட பென்சோவை பாலமா வைக்கறது. 2001ல பேனிக் நோயாளிகளுக்கு செர்ட்ராலினோட முதல் நாலு வாரம் குளோனஸெபாம் சேர்த்துக் குடுத்து, அப்புறம் மூணு வாரத்துல படிப்படியா நிறுத்திப் பாத்திருக்காங்க. ஆரம்பத்துல அவங்க சீக்கிரமா தேறினாங்க, போகப் போக வெறும் செர்ட்ராலின் எடுத்தவங்களும் அதே இடத்துக்கு வந்து சேந்துட்டாங்க. இதுல எனக்குப் பிடிச்சது, நிறுத்தற நாள் முதல் நாளே தாள்ல இருந்ததுதான். பாலம்னா கடந்து போறதுக்கு, நாம அதுல வீடு கட்டி குடியிருந்துடுறோம்.

பாலமா எடுக்கறீங்கன்னா, "படபடப்பு வந்தா போட்டுக்கோ"ங்கறதை விட டாக்டர் சொல்ற நேரப்படி கொஞ்ச நாள் போட்டு குறைக்கறது மேல்னு எனக்குத் தோணுது, ஏன்னா பயம் வர்றப்போ எல்லாம் கை மாத்திரைக்குப் போற பழக்கம் அங்கதான் உருவாகுது. விமானம், எம்ஆர்ஐ மாதிரி எப்பவாவது வர்றதுக்கு இது பொருந்தாது, அங்க அந்த ஒரு டோஸ் போதும்.

## ஏற்கனவே மாசக்கணக்கா எடுத்துட்டு இருக்கீங்களா

இதைப் படிச்சுட்டு பயந்து நாளைக்கே நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு. இந்தக் கட்டுரைல ஒரே ஒரு வரிதான் உங்க மனசுல நிக்கணும்னா அது இதுதான். திடீர் நிறுத்தம் வலிப்பு, குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியறது வரைக்கும் கொண்டு போகும்.

குறைக்கறதுக்கு வழி இருக்கு. அமெரிக்கால 2025ல பல மருத்துவ சங்கங்கள் சேந்து வெளியிட்ட வழிகாட்டுதல்ல, ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை அப்போ எடுக்கற டோஸ்ல 5ல இருந்து 10 சதவீதம்னு ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல போக வேண்டாம்னு இருக்கு. இதை டாக்டர் பாத்துதான் பண்ணணும், உங்க மருந்து, எத்தனை வருஷமா போடுறீங்க, வயசு எல்லாம் வச்சு வேகம் மாறும். ஹெதர் ஆஷ்டன்னு ஒரு பேராசிரியை, இங்கிலாந்தோட நியூகாசில்ல 1982ல இருந்து 1994 வரைக்கும் பென்சோல இருந்து வெளில வர்றவங்களுக்குன்னே ஒரு கிளினிக் நடத்தினாங்க. சீக்கிரம் இறங்கற மருந்தை மெதுவா இறங்கற டயஸெபாமுக்கு மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா, நோயாளியோட வேகத்துல குறைக்கற முறை அவங்களாலதான் பரவுச்சு. கூடவே சிபிடி எடுத்தா நிறுத்தறது இன்னும் சுலபமாகுது, நானும் அப்படித்தான் வந்தேன். ஒரு படில உடம்பு தாங்கலன்னா அதே அளவுல கொஞ்ச வாரம் நின்னுட்டு அப்புறம் இறங்கலாம், அது தோல்வி இல்ல.

வருஷக்கணக்கா போட்டாச்சு, இனிமே எங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கனடாவோட கியூபெக்ல 65 தாண்டினவங்களுக்கு, இந்த மாத்திரை என்ன பண்ணும், எப்படி படிப்படியா குறைக்கலாம்னு விளக்கற ஒரு சின்ன கையேட்டை மட்டும் குடுத்துப் பாத்தாங்க, 2014ல முடிவு வந்துச்சு. ஆறு மாசத்துல 27 சதவீதம் பேர் முழுசா நிறுத்தியிருந்தாங்க, கையேடு கிடைக்காதவங்கள்ல 5 சதவீதம். யாரும் அவங்களைத் திட்டல, பிடுங்கிப் போடல, விஷயத்தை சொன்னாங்க அவ்வளவுதான்.

அதனால டாக்டர்கிட்ட போறப்போ ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க: என்ன மாத்திரை, எத்தனை மி.கி., எவ்ளோ நாளா, டோஸ் தவறினா என்ன ஆகுது, கூட வேற என்ன மருந்து, வாரத்துக்கு எவ்ளோ குடி. மறைக்காம எழுதுங்க. அவர் "உடனே நிறுத்திடுங்க"ன்னு சொன்னா படிப்படியா குறைக்க அட்டவணை போட்டுத் தரச் சொல்லுங்க, அவரால முடியலன்னா மனநல மருத்துவர் ஒருத்தரைப் பாருங்க, அதுவரைக்கும் இருக்கற டோஸை விட்டுடாதீங்க. நடுவுல வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, போனதும் முதல் வார்த்தையா "பென்சோ எடுத்துட்டு இருந்தார், இத்தனை நாள் முன்னாடி நிறுத்தினார்"னு சொல்லுங்க.